13 சதவீத ஏற்றத்துக்கு 32 பல் செயின் வீல்: 14 மாதம் ஓட்டிவிட்டு எழுதுகிறேன்

குன்னூரில் எங்கள் பேக்கரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஊரின் தாழ்ந்த பகுதியில் இருக்கிறது. எங்களிடம் ரொட்டியும் வர்க்கியும் வாங்கும் டீக்கடைகளில் பாதிக்கு மேல் மேட்டில்தான். பெட்போர்டு, சிம்ஸ் பார்க், அதையும் தாண்டி வண்டிச்சோலைப் பக்கம். விடியற்காலையில் அடுப்பிலிருந்து இறங்கும் சரக்கு ஏழு மணிக்குள் கடை பாட்டிலில் இருக்க வேண்டும். தாமதமானால் டீயோடு வர்க்கி கேட்டு வந்தவர் பிஸ்கட் வாங்கிக்கொண்டு போய்விடுவார். நான்கு வருடம் ஸ்கூட்டரில் கொண்டுபோனேன். பெட்ரோல் செலவு கையைக் கடித்ததால் மின்சார சைக்கிளுக்கு மாறினேன். முதலில் வாங்கியது தப்பு, இரண்டாவதாகச் செய்துகொண்டது சரி. இரண்டையும் எழுதுகிறேன், மலையில் இருக்கிறவர்கள் இதே தப்பைச் செய்து காசை இழக்கக் கூடாது.

முதலில் வாங்கியது சாதாரண சைக்கிளை மின்சார சைக்கிளாக மாற்றும் கிட். மோட்டார் பின்சக்கரத்தின் நடுக்குடத்துக்குள்ளேயே இருக்கும், ஹப் மோட்டார் என்பார்கள். 250 வாட், 36 வோல்ட். பெயர் சொல்லப் போவதில்லை. சமவெளியில் அந்தக் கிட் நன்றாகவே ஓடும் என்று நினைக்கிறேன். விற்றவர் "ஏத்தமெல்லாம் அசால்ட்டா ஏறும்" என்றார். முதல் மாதம் ஏறியது. ஆறாவது மாதம், மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், பெட்போர்டுக்கு ஏறும் குறுக்குச் சந்தில் பாதி வழியில் கருகல் வாடை வந்தது. பிரேக் கட்டை உரசுகிறது என்று நினைத்து இறங்கிப் பார்த்தேன். சக்கரத்தின் நடுக்குடத்தில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. மறுநாள் பெடல் போட்டால் உள்ளே 'கரகர'வென்று சத்தம், வண்டி நகரவில்லை. பிரித்துப் பார்த்தோம். உள்ளே மூன்று வெள்ளை நைலான் பல்சக்கரங்கள். அதில் ஒன்று ஒரு பக்கம் முழுக்க மழித்துவிட்டாற்போல் வழுவழுவென்று இருந்தது. கிரீஸ் விளக்கெண்ணெய் மாதிரி இளகி ஓரத்தில் வழிந்திருந்தது.

அது ஏன் அப்படி ஆனது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. வாட் போதவில்லை, 500 வாட் போட்டிருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

கோவையில் ஒரு பட்டறை இருப்பதாக எஸ்டேட் கேண்டீன்காரர் ஒருவர் சொன்னார். உக்கடம் பக்கம் ஒரு சந்து, பெயர்ப்பலகை கூடக் கிடையாது. சைக்கிளை மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் கேரட் வண்டியில் ஏற்றி அங்கே கொண்டுபோனேன். பட்டறை அண்ணன் முதலில் மோட்டாரைத் தொடவே இல்லை. மூன்று கேள்வி கேட்டார். "உங்க ரோட்டுல ரொம்பச் செங்குத்தான இடம் எத்தனை சதவீதமுங்க? நீங்க, வண்டி, சரக்கு எல்லாம் சேர்ந்து எத்தனை கிலோ? சாதாரணமா மிதிச்சா உங்க கால் நிமிசத்துக்கு எத்தனை சுத்து சுத்தும்?" மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. "அளந்துட்டு வாங்கண்ணா, அப்புறம் பேசலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வந்த வாடிக்கையாளரைக் காசு வாங்காமல் திருப்பி அனுப்பும் கடையை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கொத்தனாரிடம் ரசமட்டம் கடன் வாங்கினேன். ஒரு மீட்டர் நீளச் சட்டத்தின் ஒரு முனையைச் சாலையில் வைத்து, மறுமுனையை ரசமட்டக் குமிழி நடுவில் வரும் வரை தூக்கி, தரைக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலில் அளக்க வேண்டும். எத்தனை சென்டிமீட்டரோ அத்தனை சதவீதம். மெயின் ரோட்டில் பெரும்பாலும் 6, 7 தான் வந்தது. அந்தக் குறுக்குச் சந்தில் 13 வந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் எங்கள் ஊர் ரயிலுக்குக் கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவில் பல் பதித்த சட்டம் போட்டிருக்கிறார்கள். அந்தப் பாதையின் அதிகபட்ச ஏற்றம் 12-க்கு 1, அதாவது 8 சதவீதத்துக்குச் சற்று மேல். அதைவிடச் செங்குத்தான சந்தில் நான் ஆறு மாதம் ஒரே கியரில் ஏறியிருக்கிறேன்.

ரயிலைச் சும்மா சொல்லவில்லை. 1899-லிருந்து குன்னூருக்கு வரும் அந்த ரயிலின் நீராவி இஞ்சினில் பல்சக்கரத்தைச் சுற்றத் தனியாக இரண்டு சிலிண்டர் உண்டு. சாதாரணத் தண்டவாளத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வரை போகலாம், பல் பாதையில் 13 தான். வேகத்தை விட்டுக்கொடுத்து இழுவையை வாங்குகிறார்கள். சின்ன வயதிலிருந்து தினமும் அதைப் பார்த்து வளர்ந்த நான், என் சைக்கிளுக்கு அதே கணக்குதான் என்று யோசித்ததே இல்லை.

அளவுகளோடு மறுபடி போனபோது அண்ணன் ஒரு பழைய நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினார். நான் 66 கிலோ. மோட்டார், பேட்டரியோடு வண்டி 25. சரக்கு 14. ஆக 105 கிலோ. 13 சதவீத ஏற்றத்தில் இந்த எடையைப் பின்னால் உருளாமல் பிடித்து வைக்கவே 13.5 கிலோ இழுவை வேண்டும். டயர் உருளும் தடையும் சேர்ந்தால் 14.5. மோட்டார் 250 வாட், பேசிக்கொண்டே மிதித்தால் என் கால் ஒரு 80 வாட், மொத்தம் 330. செயினில் கொஞ்சம் வீணாகப் போக, அந்தச் சந்தில் மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் போகவே முடியாது. கியர் எப்படி இருந்தாலும் இதுதான் உச்சம். ஆனால் அந்த 8 கிலோமீட்டரில் மோட்டார் சுகமாகச் சுற்றுகிறதா, திணறுகிறதா என்பதைத் தீர்மானிப்பது கியர்.

பழைய மோட்டார் கருகிய காரணம் இங்கேதான் பிடிபட்டது. என்னுடையது 26 அங்குலச் சக்கரம், ஒரு சுற்றுக்கு 2.05 மீட்டர் ஓடும். 25 கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிடத்துக்கு 200 சுற்றுக்கு மேல் சுற்றும். ஹப் மோட்டார் அந்த வேகத்துக்காகச் செய்யப்பட்டது. 8 கிலோமீட்டரில் 65 சுற்றுதான். தன் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கில் முக்கிக்கொண்டிருக்கும் மோட்டார், வாங்குகிற மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாக்கிவிடுகிறது. அந்தச் சூட்டைத்தான் நைலான் பல் தாங்கவில்லை. குறை வாட்டில் மட்டும் இல்லை, மோட்டார் சுற்றும் வேகத்திலும்தான். சக்கரத்துக்குள் உட்கார்ந்திருக்கும் மோட்டாருக்கு நம் கியர் எதுவும் போய்ச் சேராது. நான் சின்னக் கியர் போட்டால் என் காலுக்கு மட்டும்தான் லேசாக இருக்கும், மோட்டாருக்கு எதுவும் மாறாது.

எனவே பெடல் அச்சில் பொருத்தும் நடு மோட்டார். அது செயின் வழியாக இழுக்கும், நான் போடும் ஒவ்வொரு கியரும் அதற்கும் சேர்த்துத்தான். 250 வாட்டிலேயே நின்றுகொண்டேன். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் அது சைக்கிள். அதற்கு மேல் போனால் பதிவும் லைசென்சும் வேண்டும். 750 வாட் கிட்டைச் சைக்கிள் என்று சொல்லி விற்கிறவர்கள் இதை வாங்குகிறவரிடம் சொல்வதே இல்லை. தெரியாமல் வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கிட்டோடு வந்த முன் செயின் வீல் 44 பல். என் வண்டியில் பின்னால் பெரிய பல்சக்கரம் 28. இந்த ஜோடியில் பெடல் ஒரு முறை சுற்றினால் வண்டி 3.2 மீட்டர் போகும். 8 கிலோமீட்டர் வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு 41 சுற்றுதான், காலும் திணறும், மோட்டாரும் திணறும். கிட் வாங்கி அப்படியே மாட்டிக் கொடுக்கும் கடைகள் இதோடு விட்டுவிடுகின்றன. அண்ணன் முடிவிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிக் கணக்குப் போட்டார். சந்தில் 8 கிலோமீட்டர். கால் 70 சுற்று. அப்படியானால் ஒரு சுற்றுக்கு 1.9 மீட்டர்தான் போக வேண்டும். அதற்கு முன்பல்லைவிடப் பின்பல் கொஞ்சம் அதிகமாக இருக்க வேண்டும். முன்னால் 32, பின்னால் 34 என்று முடிவானது. பெருக்கிப் பார்த்தால் 1.93 மீட்டர்.

பின்னால் போட்டது ஷிமானோவின் 7 வேக 'மெகாரேஞ்ச்' பிரீவீல், அதாவது பின் ஹப்பில் திருகி மாட்டும் பல்சக்கர அடுக்கு, 14-லிருந்து 34 பல் வரை. எங்கும் கிடைக்கும், விலை அதிகமில்லை. முன்னால் 32 பல் போடுவதுதான் சிரமம். 44 பல் வீல் குழிந்த தட்டுப் போல மோட்டார் உடம்பின் மேல் கவிழ்ந்து உட்காரும், அதனால் செயின் உள்பக்கமாக ஓடும். 32 பல் வீல் அதைவிடச் சின்னது, மோட்டார் உடம்பைத் தாண்டி வெளியே தள்ளித்தான் நிற்க முடியும். அப்போது, எந்தப் பெரிய பின்பல்லுக்காக இவ்வளவும் செய்கிறோமோ அதே பல்லில் செயின் கோணலாக ஏறும். பல் ஓரத்தை உரசிக்கொண்டே ஓடும். அண்ணன் இதற்குப் பின் அச்சின் வாஷர்களை மாற்றி, பிரீவீலைக் கொஞ்சம் வெளியே தள்ளி, ரிம்மை மறுபடி நடுவுக்கு இழுத்துக் கோட்டம் எடுத்தார். அரை நாள் வேலை. செயினுக்கு நேராக ஒரு கண்ணை மூடி, நூல் பிடிக்கும் ஆசாரி மாதிரி குனிந்து பார்த்துப் பார்த்துச் செய்தார். கோணல் முழுதும் போகவில்லை, பாதிக்கு மேல் போனது.

மேலே அது எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன். அந்தச் சந்து ஒரு கைப்பிடிச் சுவரைச் சுற்றி வளைந்து ஏறும். வளைவுக்குச் சரியாகப் பத்தடி முன்னால் கியர் மாற்ற வேண்டும். வளைவுக்குள் போன பிறகு மாற்றப் போனால் செயின் பல்லுக்கு நடுவில் தடுமாறிப் 'படார்' என்று அடிக்கும். முன்னாடியே மிதிப்பதைக் கால் சுற்று தளர்த்தி, பிரேக் லீவரை ஒரு நூல் அழுத்துவேன். லீவரில் உள்ள சுவிட்ச் மோட்டாரை அணைத்துவிடும். அந்த இடைவெளியில் கட்டைவிரலால் கியரைத் தள்ளினால், 24 பல்லிலிருந்து 34-க்குச் செயின் ஒரு 'டக்'கோடு ஏறி உட்காரும். லீவரை விட்டால் மோட்டார் திரும்பக் கை கொடுக்கும். இது பழக இரண்டு வாரம் ஆனது. இப்போது யோசிக்காமலே கை செய்கிறது. மோட்டாரின் சத்தத்திலேயே தெரியும். முன்பு ஹப் மோட்டார் அந்த இடத்தில் முனகும். இது தையல் மிஷின் போல ஒரே சுருதியில் ஓடுகிறது. மேலே போய் மோட்டாரில் கை வைத்தால் டீ டம்ளர் சூடு, அவ்வளவுதான். 14 மாதம், கிட்டத்தட்ட 5,000 கிலோமீட்டர், மோட்டார் ஒரு நாள்கூட நின்றதில்லை.

"32 பல் போட்டால் நேர் ரோட்டில் ஆமை மாதிரிதானே போகும்?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போகாது. பின்னால் 14 பல்லில் போட்டால் பெடல் சுற்றுக்கு 4.7 மீட்டர். 80 சுற்றில் 22 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. 25-க்கு மேல் மோட்டார் எப்படியும் உதவாது. இறக்கத்தில் யாரும் மிதிக்கப் போவதில்லை. குன்னூரில் அதற்கு மேல் வேகம் எனக்கு எதற்கு?

குறைகளையும் சொல்ல வேண்டும்.

பெரிய குறை செயின் தேய்மானம். காரணமும் அதே சின்னச் செயின் வீல்தான். வீல் சின்னதானால் அதே முறுக்குக்குச் செயினில் இழுவை கூடும். சந்தில் ஏறும்போது என் செயினில் சராசரியாக 70 கிலோ இழுவை. நேர் ரோட்டில் மோட்டார் இல்லாமல் பெரிய வீலில் மிதிக்கிற சைக்கிளில் 15 கிலோதான் இருக்கும். மழைக்காலத்தில் மண்ணும் சேர்ந்துகொள்கிறது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வாரம் இருமுறை துடைத்து எண்ணெய் விடுகிறேன். அப்படியும் 1,500 கிலோமீட்டருக்கு ஒரு செயின் போகிறது, இப்போது ஓடுவது நான்காவது. பிரீவீல் ஒரு முறை மாற்றினேன். தேய்ந்ததா என்று பார்க்கக் கருவி வாங்கத் தேவையில்லை. ஒரு அடி ஸ்டீல் ஸ்கேலைச் செயின் மேல் வைத்து ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 பின் எண்ணுங்கள். புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் வரும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாக வந்தால் உடனே செயினை மாற்றிவிடுங்கள். விட்டுவைத்தால் நீண்ட செயின் பல்லையும் தின்றுவிடும், அப்புறம் செயின், பிரீவீல், முன் செயின் வீல் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். முதல் செயினில் நான் சோம்பல்பட்டு விட்டதால்தான் அந்தப் பிரீவீல் போனது.

அடுத்த குறை அந்த 24-லிருந்து 34-க்குத் தாவல். நடுவில் ஒன்றும் இல்லை. 8, 9 சதவீத ஏற்றங்களில் 24 பல் கொஞ்சம் பாரமாகவும், 34 பல் கால் படபடவென்று சுற்றும்படி லேசாகவும் இருக்கிறது. சிம்ஸ் பார்க் பக்கம் தினமும் இந்த இடைவெளி எனக்கு உறுத்தும். பட்டறையின் தவறு இல்லை, அந்தப் பிரீவீலின் அமைப்பே அப்படி. புதிதாகச் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது, கூடுதல் காசு இருந்தால் கேசட் (திருகாமல் செருகிப் பூட்டும் பல்சக்கர அடுக்கு) போடும் பின் ஹப்பில் ஷிமானோ கியூஸ் 9 வேகம், 11-லிருந்து 46 பல் வரை உள்ளதைப் போடுங்கள். படிகள் சீராக ஏறும், பற்கள் மின்சார சைக்கிளின் இழுவையை மனதில் வைத்துத் தடிமனாகச் செய்யப்பட்டவை. பின்னால் 46 பல் இருந்தால் முன்னால் 42 போட்டாலே என் அளவுக்குக் கியர் இறங்கிவிடும். செயின் இழுவையும் குறையும், பெரிய வீல் என்பதால் கோணல் தொல்லையும் குறையும். என் வண்டி ஹப் பிரீவீல் திருகும் பழைய வகை. சக்கரத்தையே மாற்ற வேண்டியிருந்ததால் அண்ணனே வேண்டாம் என்றார்.

ஹப்புக்குள்ளேயே கியர் இருக்கும் ஷிமானோ நெக்சஸ் வகையைப் பற்றியும் கேட்டேன். எனக்கு அதில் ஆசை இருந்தது, ஏனென்றால் அதில் நின்றபடியே கியர் மாற்றலாம். கடைக்குக் கடை நிறுத்தும் எனக்கு அது பெரிய வரம். இப்போது நான் ஒவ்வொரு கடைக்கும் நிறுத்துவதற்கு முன்பே கியரை இறக்கிவிட வேண்டும். மறந்தால் ஏற்றத்தில் கிளப்ப முடியாமல் வண்டியைத் தள்ளித் திருப்பி, இறக்கத்தில் ஒரு வட்டமடித்து வர வேண்டும். ஆனால் நெக்சஸ் 8 வேகத்தில் கூட முதல் கியர் பாதிதான் குறைக்கும். உள்ளே போகும் முறுக்கைக் கட்டுப்படுத்த, முன்பல் பின்பல்லைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. கணக்குப் பார்த்தால் சுற்றுக்கு 2.1 மீட்டருக்கு மேல் வருகிறது. ஊட்டியில் ஏரியைச் சுற்றி ஓட்டுகிறவருக்குப் போதும். என் சந்துக்குப் போதாது.

பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஏறுவதற்குச் செலவழித்ததில் கொஞ்சமாவது இறங்குவதற்கும் செலவழியுங்கள். நடு மோட்டார் இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. ரிம் பிரேக்கை எடுத்துவிட்டு முன்னால் டிஸ்க் போட்டுக்கொண்டேன். மழையில் அது இல்லாமல் அந்தச் சந்தில் இறங்க மாட்டேன்.

செலவு: கிட், 36 வோல்ட் 14 ஆம்பியர்-மணி பேட்டரி, பிரீவீல், செயின் வீல், டிஸ்க், கூலி எல்லாம் சேர்த்து நான் கொடுத்தது 61,000 ரூபாய். இதில் கூலி 3,500. அவர் உட்கார்ந்து போட்ட கணக்குக்கும் அந்த அரை நாள் கோட்டத்துக்கும் அது குறைவு என்றே நினைக்கிறேன். காலை நடை முழுக்கப் போய்வந்தால் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு செலவாகிறது. பட்டறையில் எனக்கு உள்ள ஒரே வருத்தம் காத்திருப்பு. 32 பல் வீல் வரவே ஐந்து வாரம் ஆனது. போனை எடுக்க மாட்டார், நேரில்தான் போய்க் கேட்க வேண்டும். மலையிலிருந்து இறங்கிப் போகிறவர்களுக்கு அது ஒரு நாள் வியாபாரம்.

போவதாக இருந்தால் வெறுங்கையோடு போகாதீர்கள். உங்கள் ரோட்டில் மிகச் செங்குத்தான இடத்தின் சென்டிமீட்டர் அளவு, தராசில் நிறுத்த உங்கள் எடை, சரக்கு எடை, டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் சைஸ், இப்போது முன்னாலும் பின்னாலும் உள்ள பல் எண்ணிக்கை. இந்த ஐந்தையும் ஒரு சீட்டில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். ஆளை ஏற்றப் போகிறீர்களா, காஸ் சிலிண்டரா, ரொட்டியா என்பதையும் சொல்லுங்கள். அந்தச் சீட்டைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு உங்களிடம் கேள்வி கேட்கிற எந்தக் கடையானாலும் சரி, அங்கேயே வேலையைக் கொடுக்கலாம். சீட்டைப் பார்க்காமல் "எத்தனை வாட் வேணும்?" என்று ஆரம்பித்தால், வண்டியைத் திருப்பிக் கேரட் வண்டியில் ஏற்றிவிடுங்கள்.